ஒரு துளி மெக்னீசியம்

ஆய்வகத்தில் அவள் முன்னால், புற ஊதா விளக்கின் மேல், டி.என்.ஏ.வை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் கிடக்கிறது. இரண்டு டி.என்.ஏ.க்கள் தங்களுக்குள் இழை மாற்றிக்கொள்ளும்போது முளைக்கிற நான்கு கைச் சந்தி முழுசாக இருந்தால் மேலே ஒரே கோடு எரிய வேண்டும். எரிவதெல்லாம் கீழே, வெட்டுப்பட்ட துண்டுகள். சந்தியை வெட்டும் நொதி டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் பார்ப்பதில்லை. சந்தியின் வளைவைத் தடவியே ஆளை அடையாளம் கண்டு கவ்வுகிறது. மெக்னீசியம் வரும்வரை பிடித்தபடி நிற்கும், வந்ததும் எதிரெதிரே இரண்டு வெட்டு. பிடித்தபடி நிற்கும் அந்த நிலைக்காகத்தான் அவள் எட்டு மாதம் உழைத்தாள். கடைசிக் குப்பி நொதியும் இதில் போய்விட்டது.

"எந்தக் கரைசல்ல கலந்தீங்க?"

"வழக்கமா கலக்கறதுலதான்," என்கிறான் அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன்.

"மெக்னீசியம் போட்டதுலயா?"

 அவளுடைய இடது கை அவன் மணிக்கட்டை விளக்கின் கண்ணாடியோடு அழுத்துகிறது. அவன் விரல்கள் வெளுக்கின்றன. வலது கையில் ஜெல் வெட்டும் பிளேடு. குளிர்பெட்டி உறுமுகிறது. பிளேடு அசையவில்லை.

"விடு, ஒரு துளிதானேம்மா."

பிளேடு இறங்குகிறது. ஜெல் பிளந்து, அடியில் கண்ணாடி கிறீச்சிடுகிறது, அவன் சுண்டுவிரலுக்கு ஒரு நூல் தள்ளி. மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை.