அவருக்காக நடந்தவள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இனி வரப்போகும் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

நாகர்கோவில் தாணுமாலயனுக்கு இரத்தக்கொதிப்பு. நடந்தால் இதயம் ஒரு சுரப்பைச் சுரந்து கொதிப்பைத் தணிக்கும். அவர் கையில் கட்டும் பட்டை அந்தச் சுரப்பை அளக்கும். அதைப் பார்த்து வீட்டு மருந்துப்பெட்டி மாத்திரையைக் கூட்டும், குறைக்கும்.

அவருக்கோ நடை என்றாலே கசப்பு.

"ஏட்டி வடிவு, இத நீ கட்டிக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வாயேன்."

"இத்தன வருசம் பொங்கிப் போட்டது போதாம, இனி உங்களுக்காக நடக்கவும் செய்யணுமாக்கும்!"

நொடித்துக்கொண்டே மனைவி வடிவம்மை பட்டையைக் கட்டிக்கொண்டாள். அவர் சிரித்தால் அவளால் மறுக்க முடியாது.

தினமும் அவள் நடந்தாள்; அவள் இதயம் நன்றாகச் சுரந்தது. அது அவருடையது என்று நம்பிய பெட்டி மாத்திரையைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் நிறுத்தியே விட்டது.

"பாத்தியா, சொகமாயிட்டு!" என்று அவர் உப்பு மாங்காய் கேட்டார். அவளும் ஆசையாய் எடுத்து வைத்தாள். சில நாளில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று.

"நல்லாத்தானே நடந்துட்டிருந்தாரு?" பட்டையின் கணக்கைப் பார்த்த மருத்துவருக்குப் புரியவில்லை.

"நடந்தது நான் டாக்டர்" என்றாள் வடிவம்மை, அவர் முகத்தைப் பார்க்காமல்.

உங்கள் வீட்டில் யாருக்கும் அப்படிப் பதில் சொல்லும் நாள் வராமல், எல்லோரும் தங்கள் காலால் நடந்து நெடுங்காலம் நன்றாயிருங்கள்.