நடுவில் போட்ட நாற்காலி

"'ஐ விஷ் ஹீ வேர் ஹியர்.' அவர் இங்கே இருந்தா நல்லா இருக்குமேன்னு அர்த்தம். சரி. யார் அந்த ஹீ?"

ஜெயராஜ் குசினி வாசலில் நின்று கேட்டார். காலில் இன்னும் ஆபீஸ் சப்பாத்து. உள்ளே அவர் மனைவி டொரத்தி அந்த வாக்கியத்தை முணுமுணுத்தபடி மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்லீங்க. பாடம். இல்லாததை நெனச்சு ஏங்கறப்போ 'வாஸ்' வரக் கூடாதாம். 'வேர்'தான் வரணுமாம்."

"யார் சொன்னது?"

"லெஸ்லி சார்."

"ஏங்கறதுக்குக்கூட வாத்தியார் வச்சாச்சா!"

தப்பு அவருடையதுதான். சர்ச் மாதர் சங்கத்துக்கு இங்கிலீஷில் மீட்டிங் மினிட்ஸ் எழுதணும், கிள்ளானிலிருந்து ஒரு வாத்தியார் சனிக்கிழமை வந்து சொல்லித் தருவார் என்று டொரத்தி கேட்டபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சரி என்றிருந்தார். குடையும் தொந்தியுமாக ஒரு கிழவரை அவர் மனதில் வைத்திருந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கியதோ, அப்போதுதான் மீசை அரும்பிய லெஸ்லி. தலையில் அடர்ந்த முடி, அதற்கு மேல் வாசனைத் தைலம். ஜெயராஜின் தலைமுடி சர்வீஸ் முடியுமுன்பே ஓய்வு பெற ஆரம்பித்திருந்தது.

அவருக்கு வேறொரு கவலையும் உண்டு. குட்ஸ் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா பரீட்சை. இரண்டு தடவை இங்கிலீஷில் கவிழ்ந்தாகிவிட்டது. இரண்டு தடவையும் இந்த 'வேர்' விவகாரத்தில்தான் சிவப்பு மை வழிந்தது. மூன்றாவது தடவையும் போனால் அந்த நாற்காலி ஜூனியர் கிளாரன்ஸுக்கு. அவன் முன்னால் நின்று 'சார்' என்று கூப்பிட வேண்டும்.

"நீங்களும் யார்கிட்டயாவது டியூஷன்…" என்று டொரத்தி ஒருமுறை இழுத்தாள்.

"பத்து வருஷ சர்வீஸ் லா! நான் போய் எவன்கிட்டயோ கை கட்டி உக்காரவா?"

"இல்லன்னா நம்ம ரெண்டு பேருமா உக்காந்து பார்த்தா…"

"உன்கூடவா?" ஜெயராஜ் இருமல் வரும்வரை சிரித்தார்.

சிரிப்புக்கு ஆதாரம் இருந்தது. கல்யாணப் பேச்சில் டொரத்தியின் மாமா, "பொண்ணு அஞ்சாவதோட நிறுத்திடுச்சு. மாப்பிள்ளைக்கு மேல ஒரு எழுத்து தெரியாது" என்று உத்தரவாதம் கொடுத்திருந்தார். அதை நம்பித்தான் ஜெயராஜ் தாலியைக் கையில் எடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை லெஸ்லிக்கும் டொரத்திக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க பாடத்தை நடத்துங்க, தம்பி. நான் சும்மா காத்து வாங்கறேன்."

லெஸ்லி புத்தகத்தைப் பிரித்தான். "நான் ஊரை ஆள்ற ரெசிடெண்ட் துரையா இருந்தா… இதை இங்கிலீஷ்ல சொல்லுங்க, மிஸஸ் ஜெயராஜ்."

"இஃப் ஐ வாஸ் ரெசிடெண்ட்…" என்று சொல்லிவிட்டு டொரத்தி நாக்கைக் கடித்தாள். லெஸ்லியைப் பார்த்துச் சிரித்தாள். லெஸ்லி திருத்த வாயைத் திறந்தான்.

"வேர்!" என்று ஜெயராஜ் குதித்தார். "வேர்! எத்தனை தடவை சொல்றது?"

"பிரமாதம், சார்."

"உங்க பிரமாதம் எனக்கு வேண்டாம்."

அதற்குப் பிறகு டொரத்தி தப்பு மேல் தப்பாகச் செய்தாள். ஒவ்வொரு தப்புக்கும் லெஸ்லி அவள் பக்கம் சாய்வான். அவன் சாய்ந்து முடிப்பதற்குள் விடை வந்துவிட வேண்டும். அதற்காகவே ஜெயராஜ் இலக்கணப் புத்தகம் வாங்கி, ஆபீஸில் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்று மனப்பாடம் செய்தார். "இஃப் ஷீ வேர்… இஃப் ஹீ வேர்…" என்று அவர் புலம்புவதைக் கேட்டு, வீட்டில் ஏதோ சரியில்லை என்று கிளாரன்ஸ் அனுதாபப்பட்டான்.

"இன்னொரு விதி," என்றான் லெஸ்லி ஒரு சனிக்கிழமை. "ஒருத்தர் இதைச் செஞ்சே ஆகணும்னு வற்புறுத்தறப்போ…"

"ஐ இன்சிஸ்ட் தட் ஹீ லீவ்!" ஜெயராஜ் அவன் கண்ணையே பார்த்துச் சொன்னார். "லீவ்ஸ் கிடையாது. எஸ் வராது."

"ரொம்ப கரெக்ட், சார்."

"கரெக்ட்னா கிளம்புங்க."

பரீட்சை வந்தது. முடிவும் வந்தது. கிளாரன்ஸ் அவர் முன்னால் வந்து நின்று, வாய் கசக்க, "கங்கிராட்ஸ், சார்" என்றான்.

ஜெயராஜ் மல்லிகைப் பூவோடு வீட்டுக்கு வந்தார். "எனக்கு யாராவது சொல்லித் தந்தாங்களா? எல்லாம் சொந்த மூளை. இனிமே உனக்கும் நானே சொல்லித் தரேன். அந்தப் பையன் வேண்டாம்."

"சரிங்க," என்றாள் டொரத்தி. முகத்தில் அவர் தேடிய வருத்தம் இல்லை. அது அவருக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

சனிக்கிழமை லெஸ்லியிடம் விஷயத்தை அவரே அறிவித்தார். இத்தனை நாள் போட்ட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சீட்டியடித்தபடி உள்ளே போனார்.

டொரத்தி வாசல் கேட் வரை வந்தாள். லெஸ்லி உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி கிள்ளான் பள்ளிக்கூடத்துல நீங்க எங்களுக்கு இதே பாடத்தை நடத்தினப்போ ஒரு தப்புகூட வந்ததில்லையே, டீச்சர்! இங்க எப்படி அவ்வளவு தப்பு சொன்னீங்க?"

"நீங்க சின்னப் பசங்க, சொல்லிக் கொடுத்தா படிச்சிடுவீங்க, லெஸ்லி," என்றாள் டொரத்தி. "புருஷங்க, பொண்டாட்டியைத் திருத்தினாத்தான் படிப்பாங்க."