பதினோராம் கேள்வி

துறைமுக வீதியில் இருந்த பங்குத்தரகர் அலுவலகத்தில், அஞ்சலினா கதிரையின் நுனியில் இருந்தாள்.

“நீங்கள் கேட்ட பங்கை வாங்கித்தர ஏலாது அக்கா,” என்றான் அங்கே வேலை செய்யும் மெல்ரோய். “ஆபத்தைத் தாங்கமாட்டியள் எண்டு கணினி காட்டுது. அப்பிடி ஆக்களுக்கு விக்கக்கூடாது, உங்களைப் பாதுகாக்கத்தான் இந்தச் சட்டம்.”

“என்ர காசு தம்பி. ஆறு மாதம் விசாரிச்சுத்தான் தெரிவுசெய்தனான். பிறகேன்?”

“விலை விழுந்தால் பயப்படுவீர்களா எண்டு படிவத்தில கேட்டிருக்கு. ஓம் எண்டு போட்டிருக்கிறியள்.”

“உண்மையைச் சொன்னது பிழையோ?”

மெல்ரோய்க்குச் சிரிப்பு வந்தது. “பயந்த ஆக்களுக்குப் பங்குச்சந்தை சரிவராது. பேசாமல் வங்கியில நிலையான வைப்பில போடுங்கோ.”

“பயமில்லாத ஆக்கள் எங்கட வேலையில கனநாள் நிக்கமாட்டினம் தம்பி.”

பதினோராம் கேள்வி வெறுமையாக இருப்பதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

“தொழில் போடேல்லையே. என்ன வேலை?”

“முல்லைத்தீவில கண்ணிவெடி எடுக்கிறன். ஏழு வருசம். அடுத்த வருசம் வேலை முடியுது. மிச்சம் பிடிச்ச காசுதான் இது.”

மெல்ரோய் அதைக் கணினியில் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினான். ‘ஆபத்தைத் தாங்கும் திறன்: மிகக் குறைவு’ என்ற அதே வரி மறுபடி வந்தது.

“இப்ப என்ன சொல்லுது தம்பி?”

அவன் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.