ஸ்டாக் இல்லை

அலமாரியின் கடைசித் தட்டில், பழைய லெட்ஜர்களுக்குப் பின்னால், சீல் உடையாத பதினெட்டு பாட்டில்கள் இருந்தன. பிரதி எடுப்பதற்காக டைப் அடிக்கும் ஸ்டென்சில் தாளில் விழும் பிழைகளை அழிக்கும் சிவப்புத் திரவம்.

டைப்பிஸ்ட் கோமளம் அப்படியே நின்றுவிட்டாள்.

ஸ்டோர் பார்த்துவந்த அன்வர் பாஷா நேற்றுதான் ரிடையர் ஆனார். சாவிக்கொத்து இன்று காலையில் அவள் கைக்கு வந்தது. எட்டு மாதமாக அந்தத் திரவம் ஸ்டாக்கில் இல்லை என்றே அவர் சொல்லிவந்தார்.

அவளுக்கு அது வேலையோடு வேலையாக ஒட்டிக்கொண்ட பழக்கம். தடவிய இடம் காய்வதற்காகக் குனிந்து ஊதும்போது தலை லேசாகும். பிறகு அந்த லேசுக்காகவே குனிந்தாள். கைக்குட்டையில் நனைத்து, ஃபைல் அடுக்குகளுக்குப் பின்னால் நின்று முகர்ந்தாள். வாரத்துக்கு மூன்று முறை புது பாட்டில் கேட்டுப் போவாள். அவர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்.

ஆபீஸ் போகிற மயிலாப்பூர்ப் பெண்மணியை யார் சந்தேகப்படுவார்கள்? விரல்கள் நடுங்கியபோது டாக்டர் ரத்தசோகை என்று டானிக் எழுதிக் கொடுத்தார். லஸ் முனையில் பஸ் நிற்குமுன் இறங்கி விழுந்தாள். ஒருநாள் பெற்ற பெண்ணைக் கூப்பிட வாயெடுத்தவளுக்குப் பெயர் வரவில்லை.

அந்த வாரம்தான் அன்வர் பாஷா கையை விரித்தார்.

வெளியே கடையில் போய்க் கேட்க வெட்கம். பத்து நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். ஒரு பிழைக்காக முழு ஸ்டென்சிலையும் மறுபடி அடிக்க வேண்டியிருந்த மற்ற டைப்பிஸ்டுகள் வாய்விட்டே திட்டினார்கள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பொங்கலுக்குள் சோறு ருசித்தது. தூக்கம் வந்தது. தெய்வம் கண் திறந்தது என்று கபாலி கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தாள்.

இன்று சாயங்காலமே மீர்சாகிப்பேட்டைக்குப் போய் அவரைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் என்ன சொல்லி ஆரம்பிப்பது?

ஸ்டாக் வைக்காத அலட்சியத்துக்காக மேனேஜர் அவருக்குக் கொடுத்த மெமோவை டைப் அடித்தவளே அவள்தான். அவரிடம் கையெழுத்து வாங்கப் போனவளும் அவள்தான்.

அன்று அவர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வரி வரியாகப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"ஒரு தப்புகூட இல்லம்மா. கை இப்போ நிதானமா கீது."

கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.