ஜப்பான் சீனி

சர்க்கரை குறையாவிட்டால் புண் ஆறாது, புண் ஆறாவிட்டால் வலது பாதத்தை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுத்தான் மகள் ஜப்பானிலிருந்து அந்தச் சீனியை அனுப்பினாள். பார்வைக்கும் நாக்குக்கும் கடைச் சீனி மாதிரியேதான் இருந்தது. சோற்றோடு ஒரு ஸ்பூன் உள்ளே போனால், சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை அவ்வளவாக ஏறாதாம். முதல் நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கோமதி கணவர் சங்கரபாண்டியின் விரலில் குத்திப் பார்த்தாள். வழக்கத்தைவிட முப்பது குறைவு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாளே அவர் தட்டை நீட்டினார்.

"அதான் இது இருக்குல்லா. இன்னும் ரெண்டு கரண்டி சோறு வை."

அவள் வைத்தாள். மறுபடி பழைய எண்ணே வந்து நின்றது. ஒரு மாதமாக அப்படித்தான்.

இன்று காலையில் அந்தச் சீனி கைதவறிக் கட்டிலடியில் கொட்டிவிட்டது. மதியம் அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் பெருக்கக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாள். எறும்புச் சாரை அந்தச் சீனியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்க் கட்டில் கால் வழியாக ஏறியது. போர்வையைக் கடந்து, அவர் பாதத்துக் கட்டுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்துகொண்டிருந்தது.

"என்னங்க, கால்ல ஏதாச்சும் ஊருதா?"

"ஒண்ணும் ஊரலையே," என்றார் அவர், வாய் நிறையச் சோற்றோடு. "ரசத்தை ஊத்து."