எல்லாப் பாதைக்கும் ஏற்ற டயர்

மேலாளரைத் தீர்த்துக்கட்ட இரண்டு டயர் போதும் என்ற யோசனை பிறந்தபோது, துணை மேலாளர் அவருடைய அறையில் பவ்யமாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

குளியலறைக் குழாய் விற்கும் கம்பெனி அது. ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் குழாயைப் பற்றிப் பேச்சே எழாது. முந்தின நாள் மேலாளர் சைக்கிளில் போய்வந்த பிரதாபம்தான் ஓடும். தார் ரோட்டில் பறந்தாராம், சரளைக்கல்லில் சறுக்கிச் சமாளித்தாராம், சேற்றில் புதைந்து மீண்டாராம். சாட்சிக்கு முழங்கையில் ஒரு கட்டு, செல்போனில் முட்டிவரை சேறு அப்பிய படம். பாவம், எத்தனை தடவைதான் விழுவார் என்று ஊழியர்கள் உச்சுக்கொட்டுவார்கள். சம்பள உயர்வை எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கொட்டுவார்கள்.

துணை மேலாளர் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலேயே அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டவர். இப்போது சாயம் பூசிக்கொண்டு ஆசைப்படுகிறார். மேலாளர் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. சைக்கிள் மிதித்து மிதித்து ஆள் வேறு திடகாத்திரமாகிக்கொண்டே போனார்.

அன்று அவரை அறைக்குக் கூப்பிட்ட மேலாளர், டயர் தேய்ந்துவிட்டது, கரடுமுரடுப் பாதைக்கென்றே வாங்கிய தன் கிராவல் சைக்கிளுக்குப் புது டயர் வேண்டும் என்றார். தார், சரளை, சேறு மூன்றிலும் ஒன்றுபோல ஓட வேண்டும். அடுத்த ஞாயிறு பழைய கல்குவாரிச் சரிவில் இறங்குவதாகத் திட்டம்.

"நீங்கதான் எதையும் அலசிப் பார்த்து வாங்குவீங்க. உங்க பொறுப்பு."

"டயர் மட்டும் என்ன சார், உங்க உயிரே என் பொறுப்பு" என்றார் துணை மேலாளர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை.

சைக்கிள் கடைக்காரர் விலாவாரியாகப் பாடம் எடுத்தார். நடுப்பகுதி வழவழப்பாக இருந்தால் தாரில் வேகம் கிடைக்கும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் இருந்தால் திருப்பத்தில் சரளையைக் கவ்வும். கொஞ்சம் அகலமாக வாங்கி, காற்றைக் குறைவாக அடித்தால் உடம்பு குலுங்காது. குமிழ்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் சேறு அடைக்காது.

எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்ட துணை மேலாளர், சரளைக்குக் கொஞ்சமும் ஆகாத டயர் எது என்று கேட்டார்.

கடைக்காரர் மூலையில் தொங்கிய ஒன்றைக் காட்டினார். மெல்லியது. மொழுமொழுவென்று, தடவினால் பிறந்த குழந்தையின் கன்னம். "இதை மாட்டிக்கிட்டு சரளைச் சரிவுல பிரேக் பிடிச்சா சக்கரம் நிக்கும். ஆளு நிக்க மாட்டாரு."

"இதுலயே ரெண்டு குடுங்க."

"யாருக்கு சார்?"

"எனக்கு ரொம்ப வேண்டியவருக்கு."

குமிழ் எங்கே என்று மேலாளர் கேட்டால் சொல்வதற்கு ஒரு கதை தயாராக இருந்தது. குமிழெல்லாம் பழைய பாணி, இந்த ரப்பரே தரையைக் கவ்விக்கொள்ளும் என்பது கதை. மேலாளர் கேட்கவே இல்லை. டயரை முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல சரக்கு" என்று தலையாட்டினார்.

ஞாயிறு விடிந்தது. துணை மேலாளர் கண்ணாடி முன் நின்று துக்க முகத்தைப் பழகினார். உதட்டை மடித்தால் பொருத்தமாக இருந்தது. இரங்கல் கூட்டத்தில் பேச வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பேச்சின் உருக்கத்தில் அவருக்கே கண் கலங்கியது. மத்தியானம்வரை போன் வரவில்லை. இருப்புக்கொள்ளாமல், ஒரு கையெழுத்து வாங்கும் சாக்கில் மேலாளரின் அடுக்குமாடி வீட்டுக்கே போய் மணியடித்தார்.

மேலாளரின் மனைவி கதவைத் திறந்தார். தலை கலைந்திருந்தது. கையெல்லாம் சேறு. பின்னால் தரையில் ஒரு பேசின், பக்கத்தில் பஞ்சு, கட்டுத்துணி.

துணை மேலாளருக்கு நெஞ்சு துள்ளியது. உதட்டை மடித்துக்கொண்டார்.

"அக்கா, சாருக்கு..."

"உள் ரூம்ல இருக்கார் தம்பி. என்னால ஆனதைப் பார்த்தாச்சு. நீங்களும் போய்ப் பாருங்க."

கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றியபடி உள்ளே போனார்.

மேலாளர் சைக்கிளில் இருந்தார். வியர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் இருந்த இடத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை. அதன் பின்சக்கரம் உருளை வைத்த ஒரு ஸ்டாண்டின்மேல் சுழன்றது. எதிரே பெரிய டிவியில் கல்குவாரிச் சரிவு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. முகத்துக்கு நேரே மேஜை விசிறி. முட்டிவரை, மனைவி கையால் பூசிய புதுச் சேறு.

மேலாளர் அசடு வழிய இறங்கினார். கதவைச் சாத்திவிட்டு, வெளியில் ஓட்டினால் விழுந்துவிடுவோமோ என்று பயம், ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்று ரகசியக் குரலில் ஒப்புக்கொண்டார். ஆபீசில் மூச்சு விட வேண்டாம் என்று கெஞ்சினார். துணை மேலாளருக்குக் கைக்குட்டையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஆனா உங்களுக்கு நான் வாழ்நாள் பூரா கடமைப்பட்டிருக்கேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் மேலாளர். "பழைய குமிழ் டயர் இந்த உருளையில ஓடினா வர்ற சத்தத்துல மாவு மில்லு கெட்டுது. கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கே வந்துட்டாங்க. வேலையை விட்டுட்டு, வெளியூர்ல தனி வீடு பார்த்துப் போயிடுறதுன்னு முடிவே பண்ணிட்டேன். என் நாற்காலியை உங்களுக்குக் குடுக்கச் சொல்லி மேலிடத்துல பேசியும் வெச்சிருந்தேன்."

மேலாளர் குனிந்து அந்த மொழுமொழு டயரைப் பாசத்தோடு தடவிக்கொடுத்தார்.

"நீங்க வாங்கித் தந்ததுல சத்தமே இல்ல, இனிமே நான் எதுக்குப் போகணும்?"