நாலரை இஞ்ச் சுவர்

"பெட்ரூமுக்குள்ள கக்கூசு. செவுரும் இல்ல, கதவும் இல்ல. ஏனுங்க, இதுக்கு நான் டைல்ஸ் ஒட்டோணுமா?"

பிளானை மடக்கி நீட்டினார் பிரான்சிஸ். முப்பது வருஷமாகக் கோயமுத்தூரில் டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. இப்படி ஒரு வேலை அவருக்கு வந்ததே இல்லை.

வடவள்ளியில் வீடு கட்டிக்கொண்டிருந்த பாலகோபால் சிரித்தார். "இப்ப இதானுங்க மாடல். ரூம் பெருசாத் தெரியும். இருக்கறது நாங்க ரெண்டே பேரு. யாருக்கு ஒளிஞ்சுக்கோணும்?"

"புருஷன் பொண்டாட்டின்னாலும் ஒரு மறைவு வேண்டாமுங்களா? ஊட்டு அம்மணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவ ஆசைப்பட்டுத்தானுங்க இது!"

பிரான்சிஸ் பிளானை அவர் கையிலேயே திணித்தார்.

"ஒரு நாலரை இஞ்ச் செவுரு. ஒரு நாள் வேலை. அதை வெக்க மனசில்லாத ஊட்டுல நான் வேலை செய்யமாட்டனுங்க."

கரண்டியையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பவானியில் கட்டிக்கொடுத்த மகள் அன்புச்செல்வியும் மாப்பிள்ளை கௌதமனும் வருகிற நாள். கல்யாணமாகி எட்டு மாசத்தில் இது ஐந்தாவது தடவை. ஒரு தடவைகூட அவள் ராத்திரி தங்கியதில்லை. காலையில் வருவாள், சாயங்கால பஸ்ஸுக்குப் பறப்பாள்.

பிரான்சிஸ் படுத்தால் அதுதான் யோசனை. சீர் குறைந்துபோச்சா? மாப்பிள்ளைக்கு மரியாதை பத்தலையா? தூங்கும் முன்னால் அவள் அம்மாவோடு கிசுகிசுவென்று பேசிச் சிரிக்கிற சத்தம் இல்லாமல், எட்டு மாசமாக அவருக்குச் சரியான தூக்கம் இல்லை.

இந்தத் தடவை விடுவதில்லை என்று புது மெத்தையும் ரெண்டு தலகாணியும் வாங்கிப் போட்டிருந்தார். ஒரே அறை வீடுதான், ஆனால் சொந்த வீடு. அறையைச் சின்னஞ்சிறுசுகளுக்கு விட்டுவிட்டு, தானும் மனைவி செவ்வந்தியும் மொட்டை மாடியில் படுத்துக்கொள்வதாகத் திட்டம்.

வேலை செய்த வீடுகளில் மிஞ்சுகிற டைல்ஸைக் கேட்டு வாங்கிவந்து தரையில் பதிப்பது அவர் வழக்கம். வந்ததும் வராததுமாக அன்புச்செல்வி குனிந்து பார்த்தாள்.

"இந்தப் பச்சை புதுசுங்களாப்பா?"

"சிங்காநல்லூர்ல ஒரு டாக்டர் ஊட்டுது. பக்கத்துல இருக்கற செவப்பு, கல்யாண மண்டபத்துது."

"கோயமுத்தூரே நம்ம ஊட்டுத் தரையிலதான் இருக்குது," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு ஒரு மாசத்துக்குத் தாங்கும்.

சாப்பிடும்போது வடவள்ளிக் கதையை எடுத்துவிட்டார்.

"புருஷன் கட்டல்ல படுத்திருப்பானாம். பொண்டாட்டி நாலடி தள்ளி... தூ! காசு வந்தா வெக்கம் போயிருமா மாப்பிள்ளை?"

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கௌதமன் சோற்றைப் பிசைந்தான். அன்புச்செல்வி தலையை நிமிர்த்தவில்லை.

"சோறு திங்கறப்பப் பேசற பேச்சுங்களா இது?" என்று செவ்வந்தி அதட்டினாள்.

நாலு மணிக்கு அன்புச்செல்வி பையை எடுத்தாள்.

"கண்ணு, ஒரே ஒரு ராத்திரி இருந்துபோட்டுப் போ சாமி. புது மெத்தை வாங்கியிருக்கறேன், பாரு."

"அத்தைக்கு முட்டிவலிங்கப்பா. தைலம் தேச்சு உடோணும். அடுத்த வாட்டி கண்டிப்பா இருக்கறேன்."

மெத்தையை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

காந்திபுரத்தில் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவருக்கு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத அந்த மெத்தையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் பொங்கியது.

"தைலம் தேய்க்க அங்க வேற ஆளே இல்லையா? ஒரு ராத்திரி புள்ளைய உடமாட்டாங்களாமா? இன்னிக்குக் கேட்டுப்போடறேன்."

"வேண்டாமுங்க, போனைக் கீழ வையுங்க," என்று செவ்வந்தி பதறி ஓடிவந்தாள். அதற்குள் சம்பந்தியம்மா எடுத்துவிட்டார்.

"முட்டிவலியா? எனக்கா? நல்லாத்தானுங்க இருக்கறேன். நாலு நாள் இருந்துட்டு வா அம்மணின்னு நாந்தானுங்க துணியெல்லாம் மடிச்சு வெச்சு அனுப்பினேன். திரும்பி வர்றாங்களா? ஏனுங்க, உங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டைங்களா?"

பிரான்சிஸ் என்ன சொல்லிப் போனை வைத்தார் என்று அவருக்கே தெரியாது. புது மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பொய் சொல்லிட்டுப் போயிருக்குது புள்ளை. இங்க இருக்கப் புடிக்காமப் போயிருக்குது. நான் அவளுக்கு என்ன கெடுதல் செஞ்சேன் செவ்வந்தி?"

செவ்வந்தியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாளுங்க. 'ஊருக்கே பாத்ரூம் ஒட்டிக் குடுக்கற மனுசன்மா, தெரிஞ்சா நொந்துபோயிருவாரு'ன்னு சொன்னா."

"என்ன தெரிஞ்சா?"

செவ்வந்தி அறையின் மூலையைப் பார்த்தாள்.

அங்கே கக்கூசுக்கு முன்னால், 'அடுத்த மாசம் செவுரு வெச்சுக்கலாம்' என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு பிரான்சிஸ் கட்டிய கயிற்றில், செவ்வந்தியின் பழைய சேலை ஃபேன் காற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஆடிக்கொண்டிருந்தது.